குணம் மாறினால் காரணம் தேடுவோம்

பேசத் தெரியாத பிள்ளை ஒன்று திடீரென்று உண்ண மறுக்கிறது; இரவில் உறங்காமல் அழுகிறது; தன் தலையிலேயே அடித்துக்கொள்கிறது. "அது பிறவியிலேயே அப்படித்தானே" என்று நாம் விட்டுவிடுகிறோம். தவறு இங்கேதான் தொடங்குகிறது.

அறிவு வளர்ச்சிக் குறைபாடு வேறு, உளநோய் வேறு. முன்னையது வாழ்நாள் முழுவதும் உடனிருப்பது. பின்னையது இடையில் வருவது. தக்க கவனிப்பால் குறையக்கூடியது. ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம். பிரித்தானியப் பிள்ளைகளைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வொன்றின்படி, இக்குறைபாடுள்ளோரில் 100க்கு 36 பேருக்கு உளநோய் இருந்தது. மற்றப் பிள்ளைகளில் 100க்கு 8 பேருக்கே இருந்தது. வறுமையும் குடும்பத்துக்கு நேர்ந்த துன்பங்களும் இந்த ஆபத்தைக் கூட்டியதாகவும் அவ்வாய்வு காட்டியது.

வீடு, வளவு, பழகிய முகங்கள் யாவற்றையும் விட்டு வந்த துயரம் இப்பிள்ளைகளுக்கும் உண்டு. நாம் அதை வாயால் சொல்லி ஆறுகிறோம். அவர்களோ நடத்தையால் மட்டுமே சொல்ல முடியும்.

ஆகவே, மாற்றம் கண்டால் முதலில் உடலைப் பாருங்கள்: பல்வலியா, காதுவலியா, மலச்சிக்கலா? பின்பு, அண்மையில் என்ன மாறியது, யாராவது பிள்ளையைத் துன்புறுத்தினார்களா என்று விசாரியுங்கள். உணவையும் குளிப்பையும் உறக்கத்தையும் நாள்தோறும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் தொடங்கிய நாளைக் குறித்துவைத்து வைத்தியரிடம் கூறுங்கள். அடிப்பதும் கட்டிவைப்பதும் அச்சத்தையே வளர்க்கும்.

பயிர் மஞ்சளித்தால் "அதன் குணம் அது" என்று எந்தக் கமக்காரனும் வரம்பில் இருந்துவிடுவதில்லை. இறங்கி வேரைப் பார்க்கிறான். நம் பிள்ளைக்கும் அதையே செய்வோம்.