'ஓகே டியர்'னு மெசேஜ் போடுறீங்களா? ஒரு நிமிஷம்!

ஆபீஸ் மெயிலில் 'டியர் சார்' என்று தொடங்கினால் யாரும் எதுவும் நினைப்பதில்லை. அதே ஆள் வாட்ஸ்அப்பில் சக ஊழியருக்கு 'ஓகே டியர்' என்று அனுப்பினால்? அங்கேதான் சிக்கல்.

அர்த்தம் என்ன?
பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த 'டியர்' என்ற சொல்லுக்கு அன்புக்குரிய, விலை உயர்ந்த என இரண்டு பொருளும் உண்டு. பிரிட்டனில் இன்றும் விலை அதிகமென்றால் 'டியர்' என்பார்கள். 'டார்லிங்' இதே வேரில் பிறந்த சொல்தான்.

எங்கே ஓகே?
கடிதத் தொடக்கத்தில், பெயருக்கோ பதவிக்கோ முன்னால் வரும் 'டியர்' வெறும் சம்பிரதாயம். பெயர் இல்லாமல் வாக்கியத்தின் கடைசியில் வந்தால் அது செல்லப் பேச்சு. குடும்பம், காதல், நெருங்கிய நட்பு... அதோடு சரி.

எங்கே கூடாது?
பணியில் இருந்த பெண் காவலரைப் போதையில் ஒருவர் 'டார்லிங்' என்று அழைத்த வழக்கு, 2024-ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வுக்கு வந்தது. அறிமுகமில்லாத பெண்ணை அப்படி அழைப்பது பாலியல் ரீதியான பேச்சு, இந்திய தண்டனைச் சட்டம் 354ஏ பிரிவின்படி குற்றம் என்றது நீதிமன்றம்.

ஆக, 'பாசமாத்தானே சொன்னேன்' என்பது எப்போதும் கைகொடுக்காது. கேட்பவருக்கு அது எப்படிப் படுகிறது என்பதும் முக்கியம். சந்தேகமா? பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்க, போதும்.