‘சரி’ என்னும் விடை: மருத்துவப் பாவனைப் பயிற்சியில் பண்பாடும் குழுத் தொடர்பாடலும் – கல்வராயன் மலையை முன்வைத்து

கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடமாகிய வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குச் செல்லும் சாலை கச்சிராயபாளையம் வழியாக மலையிறங்குகிறது. மகப்பேற்றுக்குப் பின் குருதிப்போக்கு மிகும் தாய்க்கு அம்மலைப்பாதையில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பாகும். குருதிப்போக்கைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், குழந்தை பிறந்த 3 மணி நேரத்திற்குள் சிரைவழியே செலுத்தப்பட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே மலைப்பகுதி மருத்துவரும் செவிலியரும் 108 ஊர்திப் பணியாளரும் அந்நேரத்தில் தமக்குள் எவ்வாறு பேசிக்கொள்கின்றனர் என்பதும் சிகிச்சையின் ஒரு கூறாகிறது. இத்தகைய நெருக்கடியை நோயாளிக்கு ஊறு நேராதவாறு முன்னரே பழகிப் பார்ப்பது பாவனைப் பயிற்சி (சிமுலேஷன்) எனப்படும்.

இப்பயிற்சியின் குழுநெறிகள் விமானத்துறையிலிருந்து வந்தவை. 1977-இல் தெனெரீஃப் தீவில் இரு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். ஓடுபாதையில் மற்றொரு விமானம் இருக்குமோ என ஐயுற்ற பொறியாளரின் வினாவைத் தலைமை விமானி பொருட்படுத்தவில்லை. 1979-இல் நாசா கூட்டிய பயிலரங்கு குழுவள மேலாண்மைப் பயிற்சிக்கு வித்திட்டது. ஸ்டான்ஃபோர்டில் டேவிட் காபா அதனை மயக்கவியலுக்குக் கொணர்ந்தார். இந்தியாவில் 2019-இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் மருத்துவப் பாடத்திட்டம் திறன் ஆய்வகத்தை வற்புறுத்துகிறது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது.

நெறிகள் இறக்குமதியானவை, பேச்சோ உள்ளூருக்குரியது. ‘மூடிய வளையத் தொடர்பாடல்’ என்னும் நெறியின்படி, தலைவர் ஒருவரைப் பெயர் சொல்லி ஆணையிட வேண்டும். கேட்டவர் அதனைத் திருப்பிச் சொல்ல வேண்டும். செய்து முடித்ததும் அறிவிக்க வேண்டும். தமிழ்ச்சூழலில் முதற்படியிலேயே இடர் எழுகிறது. மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதைக் குறைவு. ‘சிஸ்டர்’ என்றழைத்தால் அங்குள்ள இரு செவிலியருமே திரும்புவர். ‘டிரிப் போடுங்க’ என்னும் தொடரில் எழுவாய் இல்லை. ஆணை எவருக்கும் உரியதாகாமல் நிற்கிறது. அதற்குக் கிடைக்கும் விடை ‘சரி சார்’ என்பதாகும். கேட்டது, உடன்பட்டது, செய்து முடித்தது என்னும் மூன்று பொருளும் ‘சரி’க்கு உண்டு. ஆணையைச் சொல்லுக்குச் சொல் திருப்பிக் கூறுவதோ, கேலியாகவோ எதிர்ப்பேச்சாகவோ கொள்ளப்படக்கூடும்.

இதனை ஹாஃப்ஸ்டீடின் ‘அதிகார இடைவெளி’க் குறியீட்டால் விளக்குவது வழக்கம். அக்குறியீட்டில் இந்தியா 77, அமெரிக்கா 40. எனினும் நாடு தழுவிய ஓர் எண் ஒரு பேற்றறையை விளக்கிவிடாது. ஊர்க்கவுண்டன், மூப்பன் போன்ற பதவிகளை உடைய மலையாளிப் பழங்குடியினரின் படிநிலை வேறு. பணிமூப்பு, சாதி, பாலினம், ஒப்பந்தப்பணி ஆகியவற்றால் அமைந்த மருத்துவமனைப் படிநிலை வேறு. ஒப்பந்தச் செவிலியரின் மௌனத்தைப் பண்பாடு என்று பெயரிடுவது நிர்வாகத்திற்கு வசதியானது. அம்மௌனத்தில் வேலையிழப்பு அச்சம் எவ்வளவு என்பதும் கேட்கப்பட வேண்டும்.

மரியாதையைக் களைவது பயிற்சியின் வேலையன்று. மரியாதைக்குள்ளேயே தெளிவுக்கு இடந்தேட வேண்டும். ‘செல்வி அக்கா, டிரானெக்சாமிக் 1 கிராம், 10 நிமிஷத்துல’ என்னும் ஆணையில் பெயரும் உறவுமுறையும் ஒருங்கே நிற்கின்றன. ‘1 கிராம், 10 நிமிஷம், ஆரம்பிச்சாச்சு சார்’ என்பதில் பணிவும் உண்டு, அளவும் உண்டு. பயிற்சிக்குப் பிந்திய கலந்துரையாடலில் மூத்தவர் முதலில் பேசினால் ஏனையோர் உடன்படுவதோடு உரையாடல் முடிந்துவிடும். ஆதலின் இளையவரே தமிழில் தொடங்குவது நலம். காட்சியில் மாமியார் பாத்திரம் ஒன்றும் இடம்பெற வேண்டும். தாயைக் கீழே அனுப்பக் குடும்பத்தார் இசையும்வரை ஊர்தி புறப்படாது.

தலைவர் வேண்டுமென்றே தவறான அளவைச் சொல்லி, தடுப்பவர் யாரெனப் பார்ப்பதும் ஒரு பயிற்சி முறையே. ஆங்கிலக் கையேடுகள் தரும் கவலைத் தொடர்களை மொழிபெயர்த்தால் அவை மேடைப்பேச்சாக ஒலிக்கும். மேலதிகாரியிடமும் கூசாமல் சொல்லத்தக்க ஒரு தொடர் தமிழில் முன்பே வழங்குகிறது: ‘சார், ஒரு நிமிஷம்.’ இதனைக் கேட்டவுடன் தலைவர் உட்பட அனைவரும் கைநிறுத்திச் செவிகொடுப்பது எனக் குழு முன்னரே உடன்பட்டுக்கொள்ளலாம். அவ்வுடன்பாட்டைத் தலைவரே தம் வாயால் முதலில் அறிவிக்க வேண்டும். செவிலியர் அறிவித்தால் அது வேண்டுகோளாகவே எஞ்சும்.