31 லிட்டர் ஊற்றினால் 20 லிட்டர் பீர்... மீதித் தண்ணீர் எங்கே போகிறது?

தேங்காய்ப் பால் எடுக்கும்போது முதல் பாலோடு யாரும் நிறுத்துவதில்லை. சக்கையில் வெந்நீர் ஊற்றிப் பிழிந்தால் இரண்டாம் பால் கிடைக்கும். ஆசைப்பட்டு நான்காவது தடவையும் பிழிந்தால்? வெறும் வெள்ளைத் தண்ணீர்தான். அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள் போடும் தண்ணீர்க் கணக்கும் ஏறக்குறைய இதேதான்!

அங்கே பலருக்கு இது வார இறுதிப் பொழுதுபோக்கு. 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு வழிசெய்தது.

முளைகட்டிக் காயவைத்த பார்லிக்கு 'மால்ட்' என்று பெயர். அதை உடைத்து, சுமார் 66 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் ஊறவைப்பார்கள். அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். இது 'மேஷ்'. இனிப்புச் சாற்றை வடித்தபின், சக்கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வெந்நீர் விட்டு அலசி எடுப்பது 'ஸ்பார்ஜ்'. இரண்டையும் சேர்த்து, ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் கலப்பார்கள்.

பின்னாலிருந்து ஒரு கணக்கு

தண்ணீர் குறைந்தால் சர்க்கரை சக்கையிலேயே தங்கிவிடும். கூடினால் பீர் நீர்த்துப்போகும். ஒரு நாள் உழைப்பு வீண்! அதனால் கடைசியில் எவ்வளவு வேண்டும் என்பதிலிருந்து கணக்கு தொடங்குகிறது. 5 கிலோ மால்ட், 20 லிட்டர் பீர் என்று வைத்துக்கொள்வோம்.

* கொதித்த பாத்திரத்தின் அடியில் கசடோடு தங்குவது 2 லிட்டர். ஆக 22.
* ஒரு மணி நேரக் கொதிப்பில் ஆவியாவது 4 லிட்டர். ஆக 26.
* கிலோவுக்கு சுமார் 1 லிட்டர் வீதம் சக்கை குடிப்பது 5 லிட்டர். மொத்தம் 31.

மேஷுக்கு கிலோவுக்கு 3 லிட்டர் வீதம் 15 லிட்டர். மிச்சம் 16 லிட்டர் ஸ்பார்ஜுக்கு. மால்ட் குளிர்ந்திருப்பதால், மேஷ் தண்ணீரை 72 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றினால்தான் கலந்தபின் 66-ல் நிற்கும்.

ஆவியாகும் அளவு அடுப்புக்கு அடுப்பு, பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும். வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, குறைந்ததை அளந்து பார்ப்பதே சுலபமான வழி.

அலசினால் துவர்க்கும்

ஸ்பார்ஜ் தண்ணீர் 77 டிகிரியைத் தாண்டினாலோ, அளவுக்கு மீறி அலசினாலோ உமியிலுள்ள துவர்ப்புச்சத்து இறங்கிவிடும். தேயிலை அதிகம் கொதித்த டீ மாதிரிதான் இருக்கும்.

அந்தக் கால இங்கிலாந்தில் முதல் சாற்றில் கெட்டியான பீரும், அதே சக்கையை மறுபடி ஊறவைத்த சாற்றில் லேசான 'ஸ்மால் பீர்' என்பதும் தனித்தனியாகத் தயாரானது. தண்ணீரைத் தெளித்து அலசும் முறை ஸ்காட்லாந்திலிருந்து பரவியபின் எல்லாச் சாறும் ஒரே பாத்திரத்துக்கு வந்தது.

ஒரு விஷயம்... தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். மது உடல்நலத்துக்கும் கேடு. நம் வீட்டு அடுப்பில் இரண்டாம் பாலோடு நிறுத்திக்கொள்வோம்!