பதிவேட்டில் விடுபட்ட பதக்கங்கள்: கேட்டுப் பெறவேண்டிய உரிமை

கண்டி மாநகரின் ஓர் ஓரத்தில், மரங்கள் சூழ்ந்த சரிவில், யுத்த மயானம் ஒன்று அமைதியாகக் கிடக்கின்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உயிர்நீத்த பிரித்தானியரும் இலங்கையரும் கிழக்கு ஆபிரிக்கரும் அங்கே அருகருகே உறங்குகின்றனர். அங்குள்ள நினைவுக்கற்களில் இறந்தவரின் பெயரும் படை இலக்கமும் படைப்பிரிவும் இறந்த திகதியும் பொறிக்கப்பட்டுள்ளன. பொதுநலவாய யுத்த மயான ஆணைக்குழு அக்கற்களையும் அவற்றுக்குரிய பதிவுகளையும் பேணி வருகின்றது.

இறந்தவருக்குக் கல் இருக்கின்றது. உயிருடன் வீடு திரும்பியவருக்கு என்ன இருக்கின்றது என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் வினாவாகும். அவருடைய சேவைக்குச் சாட்சி ஒரு பதிவேடு மட்டுமே. அவர் எந்தப் படையில் எப்போது சேர்ந்தார், எங்கெங்கு சென்றார், என்னென்ன பதக்கங்களுக்கு உரித்துடையவரானார் என்பன அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதில் ஒரு வரி விடுபட்டுவிட்டால், சட்டத்தின் கண்ணில் அச்சேவை நிகழாததாகவே ஆகிவிடுகின்றது. முன்னாள் படைவீரர் ஒருவர் தள்ளாத வயதில், "எனக்குரிய பதக்கங்களைப் பதிவேட்டில் சேருங்கள்" என்று விண்ணப்பிப்பதைச் சிலர் வீண் பெருமை என எண்ணக்கூடும். அது அவ்வாறானதன்று.

கண்டிக்கும் இவ்விடயத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1943இல் அமைக்கப்பட்ட தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையில் 1944 ஏப்ரலில் டில்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. பேராதனைப் பூங்காவே அதன் இருப்பிடமாயிற்று. பர்மாப் போர் பற்றிய பெரும் தீர்மானங்கள் மகாவலிக் கரையிலிருந்து பிறந்தன. கிழக்கு ஆபிரிக்கரைக் கொண்ட 11ஆவது படைப்பிரிவு இலங்கையில் தங்கியிருந்து, பின்னர் பர்மாக் களத்துக்குச் சென்றது. அதற்கு முன்னரே, 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பும் 9ஆம் திகதி திருகோணமலையும் ஜப்பானிய விமானத் தாக்குதலுக்கு இலக்காகியிருந்தன. இலங்கைப் பாதுகாப்புப் படையில் மாத்திரமன்றி, பிரித்தானியப் படைகளின் துணைப் பிரிவுகளிலும் சேர்ந்து இலங்கையர் பலர் கடல் கடந்து பணியாற்றினர். சிங்களவர், தமிழர், சோனகர், மலாயர், பறங்கியர் எனச் சகல சமூகத்தவரும் அவர்களுள் அடங்குவர்.

போர் முடிந்தபின் இவர்களுக்குப் பதக்கங்கள் தாமாக வந்து சேரவில்லை. பிரித்தானியத் தரைப்படையில் பணியாற்றியவர்கள் போருக்குப் பின்னர் தாமே விண்ணப்பித்துத்தான் பதக்கங்களைப் பெறவேண்டியிருந்தது. விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் எண்ணற்றோர். பிழைப்பைத் தேட வேண்டிய காலத்தில் உலோகத் துண்டுக்காகக் கடிதம் எழுத எவருக்கு மனம் வரும்? இன்னுமொன்றையும் கவனிக்க வேண்டும். பிரித்தானிய அரசு தன் படையினருக்கு வழங்கிய இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களில் பெறுபவரின் பெயர் பொறிக்கப்படவில்லை. அவுஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் தம்மவரின் பதக்கங்களில் பெயரைப் பொறித்தன. ஆகவே ஒரு வீட்டில் பிரித்தானியப் பதக்கம் இருந்தாலும் அது யாருடையது என்று அப்பதக்கம் சொல்லாது. பதிவேடு ஒன்றே அதைச் சொல்லவல்லது.

பதக்கங்களை இரு வகையாகப் பிரித்து விளங்கிக்கொள்வது நன்று. முதலாவது வகை, களச் சேவைக்கும் சேவைக் காலத்துக்கும் உரியது. நிபந்தனை நிறைவேறினால் அது உரிமையாகும். 1939-45 போர்ப் பதக்கம் பெறுவதற்குப் போர்க்காலத்தில் 28 நாள் முழுநேரப் படைச்சேவை போதுமானதாக இருந்தது. இத்தகைய பதக்கம் விடுபட்டிருந்தால், எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் சேவைத் திகதிகளை ஒப்பிட்டு உரிமையைச் சரிபார்க்க முடியும். இரண்டாவது வகை, வீரச் செயலுக்கு உரியது. அதற்கு மேலதிகாரியின் சிபாரிசும் அங்கீகாரமும் வேண்டும். வழங்கப்பட்டமை வர்த்தமானியில் வெளிவருவது வழமை. சிபாரிசு எழுதப்படாமலே போனதொன்றைப் பின்னாளில் ஒரு விண்ணப்பத்தால் உருவாக்குவது மிக அரிது. விண்ணப்பிப்பவர் தாம் கேட்பது எவ்வகை என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும்.

தவறான எதிர்பார்ப்பையும் தவிர்க்க வேண்டும். தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனையில் இருந்தது என்பதற்காக, அங்கு பணியாற்றிய ஒவ்வொருவருக்கும் பர்மா நட்சத்திரம் உரித்தாகிவிடாது. அது பர்மாப் போர்க்களத்திலும் விதிகளில் குறிக்கப்பட்ட சில பகுதிகளிலும் சேவையாற்றியோருக்கே உரியது. உரிமையில்லாததைக் கேட்டு மறுக்கப்பட்டவர், உரிமையுள்ளதையும் கேளாது சோர்ந்துவிடுவது மனித இயல்பு.

பதிவேடுகளில் பிழை நேர்வது ஏன்? எழுதுவினைஞரின் கவனக்குறைவு ஒரு காரணம். நமது பெயர்கள் மற்றொரு காரணம். தமிழருக்குக் குடும்பப் பெயர் என்பது கிடையாது. தந்தையின் பெயர் முன்னால் நிற்கும். அலுவலகமோ அதனையே அவரது பெயராக எழுதிவிடும். முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோர் பலவாறு எழுதுவர். மலாயர் பெயருக்கு முன்வரும் துவான் என்பது ஓரிடத்தில் முழுமையாகவும் வேறோரிடத்தில் ஒற்றை எழுத்தாகவும், இன்னோரிடத்தில் இல்லாமலும் இருக்கும். ஒருவரே இரு பதிவேடுகளில் இருவராகிவிடுகின்றார். ஒருவருக்கு உரிய பதக்கம், அவரது இன்னொரு பெயரின் கீழ் கேட்பாரற்றுக் கிடப்பதும் இவ்வாறே. படை இலக்கத்தின் பெறுமதி இங்குதான் விளங்கும். பெயர் மாறலாம், இலக்கம் மாறுவது அரிது.

பதிவேடுகள் அழிந்தும் போகின்றன. 1940 செப்டெம்பரில் ஜேர்மனியர் இலண்டன் மீது வீசிய குண்டுகளால், முதலாம் உலகப்போர்ப் படைவீரரின் சேவைப் பதிவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை எரிந்தன. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள தேசிய ஆளணிப் பதிவு நிலையத்தில் 1973 ஜூலை 12ஆம் திகதி மூண்ட தீயில் 1 கோடியே 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கோவைகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரையில் விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் பதிவுகளில் சுமார் 80 சதவீதம் அவற்றுள் அடங்கும். அவற்றுக்குப் பிரதிகள் இருக்கவில்லை. ஆயினும் அமெரிக்கர் கைவிரித்துவிடவில்லை. சம்பளப் பட்டியல்கள், படைப்பிரிவுகளின் நாளாந்த அறிக்கைகள், வைத்தியசாலைக் குறிப்புகள் ஆகியவற்றைத் தேடிச் சேவை விபரங்களை மீளக் கட்டியெழுப்பினர்.

அந்நாட்டில் விடுபட்ட பதக்கத்தைச் சேர்ப்பதற்கு ஒழுங்கான நடைமுறை உண்டு. படைவிலகும்போது வழங்கப்படும் டிடி 214 என்ற சான்றில் பிழையிருப்பின், டிடி 215 என்ற திருத்தச் சான்று வழங்கப்படும். கோரிக்கை மறுக்கப்பட்டால் படைப்பதிவுத் திருத்தச் சபையிடம் செல்லலாம். பிழையை அறிந்து 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீதியின் பொருட்டு அக்காலவரையறையைத் தளர்த்தும் அதிகாரமும் சபைக்கு உண்டு. காலங்கடந்து நீதி கிடைத்தமைக்கும் சான்றுகள் உள. இரண்டாம் உலகப்போரில் வீரம் காட்டிய கறுப்பின அமெரிக்கர் 7 பேருக்கு 1997இலும், பெரும்பாலும் ஜப்பானிய வம்சாவளியினரான ஆசிய அமெரிக்கர் 22 பேருக்கு 2000ஆம் ஆண்டிலும் அந்நாட்டின் அதியுயர் வீரப்பதக்கம் வழங்கப்பட்டது. பலர் அதற்குள் இறந்துவிட்டனர். இன வேறுபாடு காரணமாக அவர்களுக்கு உரியது மறுக்கப்பட்டதா என்று பழைய கோவைகளைப் புரட்டிப் பார்த்ததன் விளைவே அது. கோவைகள் இருந்தமையால் அல்லவா புரட்டிப் பார்க்க முடிந்தது?

கண்டி மயானத்தைப் பேணும் அதே ஆணைக்குழுவும் 2021இல் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. முதலாம் உலகப்போரில் பிரித்தானியப் பேரரசுக்காக மாண்ட ஆபிரிக்க, மத்தியகிழக்கு நாட்டவருள் குறைந்தது 1 இலட்சத்து 16 ஆயிரம் பேர், ஏன் 3 இலட்சத்து 50 ஆயிரம் பேர் வரையிலும், பெயர் குறித்து நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அதன் விசேட குழு அறிக்கையிட்டது. யாருடைய பெயர் எழுதப்படும், யாருடைய பெயர் விடுபடும் என்பது தற்செயலானதன்று என்பதற்கு இது போதிய சான்றாகும்.

இந்த உண்மை கண்டியைச் சூழவுள்ள தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்குத் தனிப்பட்ட பொருளுடையது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தந்தையும் பாட்டனும் இங்கு பிறந்ததை நிரூபிக்கும் ஒரு கடதாசி இல்லாமையே பலருக்கு வினையாயிற்று. 1964 ஒப்பந்தத்தின் பின்னர் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது குடும்பங்கள் பிரிந்தன. குடும்பப் பெட்டிகளில் இருந்த காகிதங்களும் பிரிந்தன. 1983 ஜூலையில் கண்டியிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. வீடு எரியும்போது பிறப்புச் சான்றிதழும் உறுதியும் பழைய படைச்சான்றும் சேர்ந்தே எரிகின்றன. வீட்டிலுள்ள பிரதி அழிந்தால் அலுவலகப் பதிவு காக்க வேண்டும். அலுவலகப் பதிவு அழிந்தால் வீட்டிலுள்ள பிரதி காக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்திருந்தாலன்றி ஒன்று மற்றொன்றைக் காக்க முடியாது. உயிருடன் இருக்கும்போதே பதிவேட்டைத் திருத்திக்கொள்வதன் நன்மை இதுவேயாகும்.

படை, பதக்கம் என்ற சொற்கள் நமது வாசகர் அனைவரிடமும் ஒரே உணர்வை எழுப்பமாட்டா என்பதை நாம் அறிவோம். இலங்கை இராணுவம் 1949 ஒக்டோபர் 10ஆம் திகதி உருவாகியதன் பின்னரான வரலாற்றில் ஆறாத புண்கள் பல உள. காணாமற்போன தம் பிள்ளையைப் பற்றி ஒரு வரிப் பதிலுக்காகக் காத்திருக்கும் தாய்மார் இன்னும் நம்மிடையே உள்ளனர். போரைப் போற்றுவது நமது நோக்கமன்று. அரசின் ஏடு உண்மையைச் சொல்லவேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது. பதக்கம் விடுபட்ட முதியவரும் பதில் கிடைக்காத தாயும் வெவ்வேறு கதவுகளைத் தட்டுகின்றனர். ஆயினும் பதிவைச் சரியாக வைத்திருத்தல் அரசின் கடமை என்ற ஒரே நியாயத்தின் மீதே இருவரும் நிற்கின்றனர்.

நடைமுறையில் செய்யவேண்டியது என்ன? சேவை செய்தது எந்த அரசின் படையில் என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். பிரித்தானியப் படையாயின் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சின் பதக்க அலுவலகத்தை நாடவேண்டும். உரியவர் இறந்திருந்தால் சட்டப்படி மிக நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்கலாம். அந்நாட்டின் பழைய படைப்பதிவுகள் 2022 முதல் தேசிய ஆவணக்காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருவதையும் கவனிக்க வேண்டும். பழைய இந்திய இராணுவமாயின் உரிய படைப்பிரிவின் பதிவு அலுவலகம். தமிழர் பெருமளவில் சேர்ந்த மெட்ராஸ் படைப்பிரிவின் மத்திய நிலையம் நீலகிரியின் வெலிங்டனில் உள்ளது. இலங்கை முப்படைகளாயின் அந்தந்தப் படையின் பதிவுப் பிரிவு.

விண்ணப்பத்தில் படை இலக்கம், முழுப்பெயர், அது எழுதப்பட்ட வேறு வடிவங்கள், படைப்பிரிவு, சேர்ந்த திகதி, விலகிய திகதி ஆகியன இருக்க வேண்டும். விடுவிப்புச் சான்று, சம்பளப் புத்தகம், வர்த்தமானி அறிவித்தல், மேலதிகாரியின் கடிதம் எது இருப்பினும் பிரதியையே இணைக்க வேண்டும். மூலத்தை ஒருபோதும் அனுப்பலாகாது. பெயர் வேறுபாடு இருந்தால், இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி முடித்து இணைப்பது நலம். எந்தப் பதக்கம், எந்த விதியின் கீழ் விடுபட்டது என்பதை ஒரு பந்தியில் தெளிவாக எழுதினால் போதும். நீண்ட முறைப்பாடு பயன் தராது.

இலங்கை அரச நிறுவனங்களுக்குத் தமிழில் எழுதவும், பதிலைத் தமிழில் பெறவும் அரசியலமைப்பு இடமளிக்கின்றது. பதில் வராதவிடத்து 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. அதன்கீழ் பிரஜை ஒருவர் தகவல் கோரினால் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். திருப்தியில்லையேல் மேன்முறையீடு செய்யலாம். தன் பெயருக்கு எதிரே என்ன எழுதப்பட்டுள்ளது என்று கேட்பதைவிட எளிமையான கேள்வி வேறு எது?

இரண்டாம் உலகப்போர் முடிந்து 80 ஆண்டுகள் கடந்துவிட்டன. அக்காலத்துப் படைவீரர் நம்மிடையே ஏறத்தாழ இல்லாமற் போய்விட்டனர். கம்பளையிலோ கடுகண்ணாவையிலோ அக்குறணையிலோ ஒரு வீட்டுப் பரணில் பாட்டனாரின் தகரப்பெட்டி இருக்கலாம். அதில் எவருக்கும் விளங்காத ஆங்கிலக் காகிதம் ஒன்றும் நிறம் மங்கிய நாடாத் துண்டு ஒன்றும் கிடக்கலாம். வீட்டைத் திருத்தும்போது அவற்றைக் குப்பையோடு சேர்த்துக் கொட்டிவிடாதிருக்குமாறு வாசகரை வேண்டுகின்றோம். அக்காகிதத்திலுள்ள இலக்கத்தை முதலில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். அதன்பின் உரிய இடத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பதக்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அம்மனிதர் வாழ்ந்தார், பணியாற்றினார் என்ற வரி ஏட்டில் ஏறும். அதனைக் கேட்டுப் பெறுவது வாரிசுகளின் பொறுப்பாகும்.