சான்றும் சூளையும்: இருளர் குழந்தைகளின் கல்வி எங்கே தடைபடுகிறது?

தமிழ்நாட்டில் 'மிகவும் நலிவுற்ற பழங்குடிகள்' என ஒன்றிய அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு சமூகங்களுள் இருளரும் ஒன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காட்டை எட்டியிருந்தபோது பழங்குடி மக்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 54 விழுக்காடாகவே இருந்தது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சமவெளிகளில் சிதறி வாழும் இருளர்களிடம் இந்த இடைவெளி நீடிப்பதற்குக் குழந்தைகளின் ஆர்வக் குறைவைக் காரணமாகக் காட்டுவது தவறு. பெற்றோரின் பிழைப்பும் அரசின் ஆவண நடைமுறையும் பள்ளியின் கால அட்டவணையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதே இதன் அடிப்படை.

இடம்பெயர்வு

சொந்த நிலமற்ற இருளர் குடும்பங்கள் பல, செங்கல் சூளை, கரும்பு வெட்டு, கரிமூட்டம் ஆகிய வேலைகளுக்கு முன்பணம் பெற்றுக்கொண்டு குடும்பத்தோடு வெளியூர் செல்கின்றன. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டுவிட்ட பின்னும், வாங்கிய முன்பணம் தீரும்வரை வேலையிடத்தை விட்டு நகர முடியாத நிலை பல குடும்பங்களுக்குத் தொடர்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் சூடுபிடிக்கும் சூளை வேலை கோடை முழுவதும் நீள்வதால், கல்வியாண்டின் பிற்பாதியும் ஆண்டுத் தேர்வும் குழந்தைகளுக்கு இல்லாமல் போகின்றன. எட்டாம் வகுப்பு வரை எவரும் நிறுத்திவைக்கப்படுவதில்லை என்பதால் பதிவேட்டில் பெயர் ஆண்டுதோறும் மேல்வகுப்புக்கு நகர்கிறது. ஆனால் இடைவெளியை ஈடுசெய்யும் தனிப்பயிற்சி கிடைக்காத குழந்தை, ஒன்பதாம் வகுப்பில் பாடநூலைப் படிக்கத் திணறிப் படிப்பை நிறுத்திவிடுகிறது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. அதன் 4ஆம் பிரிவு, இடைநின்ற குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும், வயதுச் சான்று இல்லாவிட்டாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பதை 5, 14ஆம் பிரிவுகள் உறுதிசெய்கின்றன.

சாதிச் சான்று

இரண்டாவது தடை, 'எஸ்.டி. சான்று' என்று மக்கள் குறிப்பிடும் பழங்குடியினர் சான்றிதழ். பட்டியல் சாதியினருக்கான சான்றை வட்டாட்சியரே வழங்கிவிடுகையில், பழங்குடியினருக்கான சான்றைக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் நிலையிலான அலுவலரே விசாரணைக்குப் பின் வழங்க முடியும். போலிச் சான்றுகளைத் தடுக்கும் நோக்கில் அமைந்த இக்கடுமையின் சுமை, உண்மையான பழங்குடியினர் மீதே இறங்குகிறது. விசாரணையில் பெற்றோரின் சான்றும் பள்ளிப் பதிவும் கேட்கப்படுகின்றன. பள்ளியையே காணாத தாய் தந்தையரிடம் அவை இருக்க வழியில்லை. சான்று இல்லாத மாணவருக்குப் பழங்குடியினருக்கான உதவித்தொகை கிடைப்பதில்லை. மாநில அரசின் 1 விழுக்காடு, ஒன்றிய அரசின் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடுகளும் எட்டாக்கனியாகின்றன. தமக்கு முன் படித்து வேலைக்குப் போனவர்களைத் தம் குடியிருப்பில் காணாத பிள்ளைகளுக்கு, இந்த மறுப்பு படிப்பின் மீதான நம்பிக்கையையே பறித்துவிடுகிறது.

திண்டிவனம் காட்டும் வழி

திண்டிவனம் அரசுக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிய பிரபா கல்விமணி, காவல்துறை அத்துமீறலுக்கு எதிரான போராட்டங்களின் தொடர்ச்சியாக 1996இல் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவாவதற்கு முன்னின்றார். கொத்தடிமை மீட்பு, பட்டா, சாதிச் சான்று, கல்வி ஆகியவற்றைத் தனித்தனிக் கோரிக்கைகளாக அன்றி ஒரே உரிமைப் போராட்டமாக இச்சங்கம் கொண்டதும், திண்டிவனம் ரோசணையில் அவர் முயற்சியால் தாய்த்தமிழ்ப் பள்ளி உருவானதும் கவனிக்கத்தக்கவை. காவல்துறையின் பொய்வழக்குக்கு அஞ்சி வாழும் குடும்பம் பிள்ளையின் படிப்பைத் திட்டமிட முடியாது என்ற உண்மையை இந்த அணுகுமுறை உணர்ந்திருக்கிறது.

இத்தகைய முயற்சிகளில் அச்சமூகத்தின் அமைப்புகளுக்கே பங்கு வேண்டும் என்பதை ஆஸ்திரேலியாவின் பட்டறிவும் உணர்த்துகிறது. பூர்வகுடியினருக்கும் பிறருக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறைக்க 2008இல் அந்நாடு தொடங்கிய திட்டத்தில் பள்ளி வருகை, வாசிப்பு, எண்ணறிவு ஆகிய இலக்குகள் எட்டப்படவில்லை. ஆகவே 2020இல் உருவான புதிய உடன்படிக்கையில், பூர்வகுடி அமைப்புகளின் கூட்டமைப்பும் அரசுகளோடு சமபங்காளியாகக் கையெழுத்திட்டது.

செய்ய வேண்டியவை

இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று இதே விழுப்புரம் வட்டாரத்தில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. வீட்டருகே சென்று கற்பித்த அந்த ஏற்பாட்டைச் சூளைகளுக்கும் இருளர் குடியிருப்புகளுக்கும் நிலையாகக் கொண்டுசெல்வதும், இருளர் சமூகத்தில் படித்த இளைஞர்களையே அங்கு கற்பிக்க அமர்த்துவதும் முதல் தேவை. இடம்பெயரும் குழந்தையைச் சொந்த ஊர்ப் பள்ளியும் வேலையிடத்துப் பள்ளியும் சேர்ந்து கண்காணிக்க வேண்டும். சான்றுக்காகக் குடும்பங்கள் அலுவலகம் அலுவலகமாக அலைவதற்கு மாறாக, குழந்தை தொடக்கப் பள்ளியில் சேரும்போதே வருவாய்த் துறையினர் குடியிருப்புக்கு வந்து விசாரித்து அதை வழங்க வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கின்ற சட்டத்தை இருளர் சங்கங்களோடு கலந்து நடைமுறைப்படுத்தும் உறுதிதான் தேவை, அந்த உறுதியைக் காட்டும் பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துக்கும் கல்வித் துறைக்கும் உரியது.