முதல் மரக்கப்பல்: பெட்டியிலிருந்து பாய்மரம் வரை

மலாக்காவுக்குச் சுற்றுலா சென்றவர்கள் ஆற்றோரத்தில் நிற்கும் பெரிய மரக்கப்பலைப் பார்த்திருப்பார்கள். மலாக்காவில் கொள்ளையடித்த செல்வத்தோடு புறப்பட்டு, 1511-ஆம் ஆண்டு சுமத்ரா கரையருகே மூழ்கிய ‘ஃப்ளோர் டி லா மார்’ என்னும் போர்த்துகீசியக் கப்பலின் மாதிரி அது. இன்று அது கடல்சார் அருங்காட்சியகமாக விளங்குகிறது. இத்தகைய பாய்மரக் கப்பல்களை மேசைமேல் அடங்கும் அளவில் மரத்தாலேயே கட்டுவது உலகெங்கும் உள்ள ஒரு பொழுதுபோக்கு. அதற்கு வேண்டிய மரம், கயிறு, வரைபடம் அனைத்தும் ‘கிட்’ எனப்படும் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன.

பட்டம் பெற்று வேலையில் சேர்ந்தபின் நான் இதில் இறங்கினேன். முதல் கப்பலை முடிக்க 14 மாதங்கள் ஆயின. எனக்குத் தெரிந்து இதனைத் தொடங்கிய ஐவரில் மூவரின் கப்பல்கள் பாதியில் நின்றுவிட்டன. பல நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கிய பெட்டிகள் இன்று அலமாரிக்கு மேல் தூசி படிந்து கிடக்கின்றன. மூன்றும் நின்றது ஒரே கட்டத்தில்தான்: உடற்பகுதிக்குப் பலகை பொருத்தும் கட்டத்தில். பெட்டிக்குள் கப்பல் இருக்கிறது, எடுத்து ஒட்டினால் போதும் என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். உண்மையில் பெட்டிக்குள் இருப்பது மரம் மட்டுமே. இந்த வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தக் கப்பலைத் தேர்ந்தெடுப்பது?

புதியவர்களின் கண் முதலில் செல்வது ‘எச்.எம்.எஸ். விக்டரி’ போன்ற போர்க்கப்பல்கள் மீதுதான். 1805-இல் டிரஃபால்கர் போரில் நெல்சனின் தலைமைக் கப்பலாக இருந்த அதில் 104 பீரங்கிகள், மூன்று பாய்மரங்கள். ஒரு பீரங்கிக்கு வண்டி, சக்கரங்கள், கயிறு எனப் பத்து உறுப்புகள் வைத்தாலும், பீரங்கிகளுக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் ஆகிவிடும். முதல் முயற்சிக்கு அது ஏற்றதன்று.

நான் தேர்ந்தெடுத்தது ‘புளூநோஸ்’. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், லூனன்பர்க் என்ற ஊரில் 1921-இல் கட்டப்பட்ட மீன்பிடிக் கப்பல் அது. பந்தயங்களிலும் வென்று புகழ் பெற்றது. கனடாவின் பத்துக் காசு நாணயத்தில் 1937 முதல் பொறிக்கப்பட்டுவரும் கப்பலும் இதுவே. இரண்டே பாய்மரங்கள், பீரங்கிகள் இல்லை, கயிற்று அமைப்பும் எளிது. அசல் கப்பலின் நீளம் சுமார் 43.6 மீட்டர். என் பெட்டியின் அளவு விகிதம் 1:75. ஆகவே மாதிரியின் உடல் சுமார் 58 சென்டிமீட்டர். இந்த விகிதத்தில் 170 சென்டிமீட்டர் உயர மனிதர் 2.3 சென்டிமீட்டர்தான் இருப்பார்! முதல் கப்பல் கம்பீரமானதாக இருப்பதைவிட முடிக்கக்கூடியதாக இருப்பது முக்கியம்.

பெட்டியில் என்ன இருக்கிறது?

முதலாவது, ஒட்டுப்பலகையில் வெட்டப்பட்ட முதுகெலும்பும் அதில் குறுக்கே செருகும் விலாச்சட்டங்களும். இரண்டாவது, கட்டுக் கட்டாக மெல்லிய மரப்பட்டிகள். மூன்றாவது, பாய்மரங்களுக்கான உருளைக் கம்புகள், நூற்கண்டுகள், சிறு உலோக உறுப்புகள். இவற்றோடு வரைபடங்களும் ஐரோப்பிய மொழிகளில் அமைந்த சுருக்கமான குறிப்பேடும் இருக்கும்.

உறுப்புகளின் பெயர்களை நான் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். நம் மொழியில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. கப்பலின் அடியில் நெடுக ஓடும் முதுகுமரம் ஏரா. முன்பகுதி அணியம், பின்பகுதி அமரம். இவ்விரு சொற்களும் தமிழகக் கடற்கரை மீனவர்களின் பேச்சில் வழங்குபவை. திசை திருப்பும் சுக்கான் அரபு மொழியிலிருந்து வந்து நம்மோடு கலந்தது. நாம் கொடுத்த சொல்லும் உண்டு. ஆங்கிலத்தின் ‘கட்டமரான்’ நம் கட்டுமரமே. கடலில் பொருளோடு சொல்லும் பயணம் செய்கிறது என்பதற்கு இவை சான்று.

பலகை பொருத்துதல்: கப்பல் பிறக்கும் இடம்

முதுகெலும்பில் சட்டங்களைச் செருகி, செங்கோணமாக நிற்கின்றனவா என்று பார்த்து ஒட்டிய பிறகு, பலகை பொருத்தும் முன் ஒரு வேலை உண்டு. அணியத்திலும் அமரத்திலும் உடல் உட்பக்கமாக வளைவதால், அங்குள்ள சட்டங்களின் விளிம்புகளைச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். ஒரு பட்டியைக் குறைந்தது மூன்று சட்டங்களின் மேல் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் முழு விளிம்பும் படிந்தால் தேய்த்தது போதும்.

இனிதான் மூன்று நண்பர்களும் நின்றுபோன இடம் வருகிறது. பெட்டியிலுள்ள பட்டிகள் நேரானவை. முனைக்கு முனை ஒரே அகலம் கொண்டவை. கப்பலின் உடலோ நடுவில் பருத்து முனையில் ஒடுங்குவது. எடுத்துக்காட்டாக, நடுச்சட்டத்தில் மேல்தளத்திலிருந்து ஏரா வரையுள்ள விளிம்பு 100 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 5 மில்லிமீட்டர் அகலப் பட்டிகள் 20 வேண்டும். அணியத்தில் அதே விளிம்பு 60 மில்லிமீட்டர்தான் என்றால், அந்த 20 பட்டிகளும் அங்கே அடங்க ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டராகக் குறைய வேண்டும். ஆகவே ஒவ்வொரு பட்டியையும் முனை நோக்கிச் சீவி ஒடுக்க வேண்டும். என் குறிப்பேட்டில் இதற்கு ஒரு வரிதான் இருந்தது.

சீவாமல் ஒட்டினால் என்ன ஆகும்? மெல்லிய பட்டி தட்டையான பக்கமாக எளிதில் வளையும். விளிம்புப் பக்கமாக வளையாது. வலிந்து வளைத்தால் ஒரு விளிம்பு மேலெழும்பி, ஓட்டுக் கூரைபோல் படிப்படியாக நிற்கும். நான்கைந்து பட்டிகளுக்குள் கோணல் பெருகிவிடும். அப்போதுதான் பலர் மனம் தளர்ந்து மூடி வைத்துவிடுகிறார்கள்.

நான் பின்பற்றிய முறை இது. முதலில் ஒவ்வொரு சட்டத்தின் விளிம்பையும் காகிதப் பட்டையால் அளந்து, தேவையான பட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து, பென்சிலால் குறித்தேன். பட்டி எங்கெங்கே எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதை அக்குறிகளே சொல்லிவிடும். பாதி அகலத்துக்கும் கீழே ஒடுக்கக் கூடாது. அந்த இடத்தில் இரு பட்டிகளை நிறுத்தி ஒரே பட்டியாகத் தொடர வேண்டும். அமரத்தில் சில வேளை இதற்கு எதிராக இடைவெளி விழும். அங்கே ஆப்பு வடிவத் துண்டு ஒன்றைச் செருகலாம். இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என மாறி மாறி ஒட்டினால் முதுகெலும்பு ஒரு பக்கமாக இழுக்கப்படாது.

வளைவதற்காகப் பட்டியை வெந்நீரில் கால்மணி நேரம் ஊறவைத்து, கிளிப் மாட்டி ஓர் இரவு உலரவிட்ட பிறகே பசை தடவ வேண்டும். ஈரமரம் அகலத்தில் உப்பியிருக்கும். அப்படியே ஒட்டினால் உலர்ந்து சுருங்கும்போது இடுக்குகள் தோன்றும். நம் நாட்டின் ஈரக்காற்றில் இதற்குச் சற்றுக் கூடுதல் பொறுமை தேவை. வெள்ளைப் பசை மெதுவாகக் காய்வதால் பட்டியை நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

கயிறுகள்

கப்பற் கயிறுகள் இருவகை. பாய்மரத்தை அசையாமல் பிடித்து நிறுத்துபவை ஒரு வகை. தார் பூசப்பட்டதால் கருமையானவை. பாயை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் உதவுபவை மற்றொரு வகை, வெளிர் நிறமானவை. இந்த நிறவேறுபாட்டை மாதிரியிலும் காட்ட வேண்டும். நடுவிலிருந்து வெளிப்புறமாக வேலை செய்தால், முன்பு கட்டிய கயிறு கைக்குத் தடையாகாது.

பாய்மரத்தின் இருபுறமும் ஏணிபோல் தெரிவது மாலுமிகள் ஏறும் படிக்கயிறு. அசலில் படிகளின் இடைவெளி சுமார் 38 சென்டிமீட்டர் என்று கொண்டால், நம் விகிதத்தில் 5 மில்லிமீட்டர். கோடு போட்ட அட்டையைப் பின்னால் வைத்து முடிச்சிட்டால் வரிசை பிசகாது. முடிச்சை இறுக்கி இழுத்தால் நெடுங்கயிறுகள் உள்நோக்கிக் குழிந்துவிடும். நூலில் தேன்மெழுகு தேய்த்தால் பிசிறு படியும். பருத்தி நூல் ஈரத்துக்கேற்ப இறுகித் தளரும் என்பதால் நான் பாலியெஸ்டர் நூலைப் பயன்படுத்தினேன்.

தொடங்க விரும்புவோருக்கு

விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. கூரிய கத்தி, இரும்பு அளவுகோல், சிறு அரம், 120, 240, 400 எண் மணல்தாள்கள், இடுக்கி, கையால் சுழற்றும் சிறு துளைக்கருவி, இரண்டு டஜன் கிளிப்புகள் போதும். வாரத்துக்கு நான்கு மாலைகள், மாலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் அடுக்குப் பலகையின் மேல் மெல்லிய இரண்டாம் அடுக்கு வரும் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்; முதல் அடுக்கில் கை பழகிவிடும், அதன் குறைகளை இரண்டாம் அடுக்கு மறைத்துவிடும்.

ஏற்கெனவே பாதியில் நிறுத்தியவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. வெள்ளைப் பசையால் ஒட்டிய பட்டிகளை வெந்நீர்த் துணியால் நனைத்துக் கழற்றிவிடலாம். அளந்து, குறித்து, சீவி, மீண்டும் பொருத்தலாம். மேற்கூறிய மூவரில் ஒருவர் அவ்வாறே தம் பெட்டியை இறக்கியிருக்கிறார். இப்போது பதினோராவது பட்டியில் இருக்கிறார்.