குடும்ப மரத்தைக் கணினியில் காப்பது எப்படி?

மாணவர்களே, உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் தெரியுமா? அவர் தமிழ்நாட்டில் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்?

பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் இன்று பல ஊர்களில் பிரிந்து கிடக்கின்றன. பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களின் பெயர்கள் சில வீடுகளில் பாட்டியின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவற்றைப் பதிந்துவைக்கக் குடும்ப மர மென்பொருள்கள் உதவும். ‘கிராம்ப்ஸ்’ என்பது இலவசமாகக் கிடைக்கும் ஒன்று. ஆனால் பெயர்களைத் தட்டச்சு செய்தால் மட்டும் போதாது. கோப்பையும் காக்க வேண்டும்.

எல்லா மென்பொருளுக்கும் புரியும் கோப்பு

ஒவ்வொரு மென்பொருளும் தன் சொந்த வடிவில் தரவைச் சேமிக்கும். அந்த மென்பொருள் நின்றுபோனால் கோப்பைத் திறக்க முடியாமல் போகலாம். இதற்காக 1984-இல் வந்த பொது வடிவமே ‘கெட்காம்’. இது வெறும் எழுத்துகளால் ஆன கோப்பு. ஒவ்வொரு வரியும் ஓர் எண்ணுடன் தொடங்கும். 0 என்றால் புதிய ஆள் அல்லது புதிய குடும்பம். 1 என்றால் அவரைப் பற்றிய செய்தி. 2 என்றால் அச்செய்தியின் விவரம். உண்மைக் கோப்பில் ஆங்கிலச் சுருக்கங்கள் இருக்கும், கருத்து இதுதான்:

0 ஆள்
1 பெயர்: ராமன்
1 பிறப்பு
2 நாள்: சுமார் 1931
2 இடம்: பீடோங், கெடா

‘சுமார்’ என்பதைக் கவனியுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாதவருக்குத் துல்லியமான நாளை நாமே போடக் கூடாது. அறிவியல் அளவீட்டைப் போலவே, உறுதியில்லாததை உறுதியில்லாததாகவே பதிய வேண்டும். கெட்காமில் அதற்கு வழி உண்டு.

‘ஏ/எல்’ தரும் சிக்கல்

கெட்காமில் குடும்பப் பெயரை இரண்டு சாய்கோடுகளுக்கு இடையே எழுதுவார்கள். நம் அடையாள அட்டையிலோ ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று சாய்கோடு வருகிறது. ‘ராமன் ஏ/எல் முத்து’ என்று அப்படியே பதிந்தால், ‘எல் முத்து’ என்பதைச் சில மென்பொருள்கள் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே பெயர் கட்டத்தில் ‘ராமன்’ என்று மட்டும் எழுதி, முத்துவைத் தந்தையாக இணையுங்கள். உறவை அந்த இணைப்பே சொல்லிவிடும். அடையாள அட்டையில் உள்ள வடிவத்தைக் குறிப்பில் எழுதலாம். அண்ணன் தம்பிகளின் பத்திரங்களில் அப்பா பெயரின் எழுத்துக்கூட்டல் வேறுபட்டால், எல்லா வடிவங்களையும் மாற்றுப் பெயர்களாகப் பதியுங்கள்.

தமிழ் எழுத்து கேள்விக்குறியாகாமல்

பழைய கெட்காம் கோப்புகளில் ‘ஆன்செல்’ என்ற குறியீடு வழக்கில் இருந்தது. அதில் தமிழுக்கு இடமில்லை. தமிழைச் சேமிக்க ஒருங்குறியின் ‘யுடிஎஃப்-8’ முறை வேண்டும். இதில் ‘க’ என்ற எழுத்து 3 பைட்டுகளையும், ‘கெ’ 6 பைட்டுகளையும் எடுக்கும். 2021-இல் வெளியான கெட்காம் 7.0 இந்த முறையை மட்டுமே ஏற்கிறது. பழைய பதிப்பில் ஏற்றுமதி செய்தால் ‘யுடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

படங்களும் படிகளும்

சாதாரண கெட்காம் கோப்பில் புகைப்படம் இருக்காது. அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கும். கோப்பை மட்டும் அத்தைக்கு அனுப்பினால் தாத்தாவின் படம் போய்ச் சேராது. படங்களை ஒரே உறையில் வைத்து, கோப்போடு சேர்த்து நகலெடுங்கள்.

பிறகு 3-2-1 விதி: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். 2022 ஜூலையில் பாலிங்கில் வந்த திடீர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். கணினியும் பென் டிரைவும் ஒரே வீட்டில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும்.

மற்றவருக்குக் கொடுக்கும் படியில் உயிரோடிருப்பவர்களின் விவரங்களை நீக்கிவிடுங்கள். பல மென்பொருள்களில் அதற்கான தேர்வு உண்டு. அடையாள அட்டை எண்ணை எந்தப் படியிலும் எழுத வேண்டாம்.

இந்தப் பள்ளி விடுமுறையில் ஐந்து பேருடன் தொடங்குங்கள். முதலில் வீட்டில் மூத்தவரிடம் கேளுங்கள். அந்த நினைவுக்கு வேறு படி கிடையாது. பதிந்ததும் ஏற்றுமதி செய்து, அக்கோப்பை ‘நோட்பேட்’டில் திறந்து பாருங்கள். பாட்டியின் பெயர் தமிழில் பிழையின்றித் தெரிந்தால், ஆறாவது ஆளைச் சேர்க்கலாம்.